சேடைக்கு என்ன இங்கிலீஷ்

கொரடாச்சேரி கேட் மூடிக் கிடந்தது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்,
எண்ணினால் நாற்பது பெட்டி.
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு
முதல் பாடவேளை என்னுடையது.
ஓடினேன்,
சத்தத்தை அடக்கத் தொண்டையைத் தயார்செய்துகொண்டே.

சத்தம் இருந்தது.
நான் நினைத்த சத்தமில்லை.

சாக்பீஸை நாலாக உடைத்து
பலகையை நாலாகக் கோடிட்டு
நாலு பேர் நின்றிருந்தார்கள்.
என் பாடக்குறிப்பு பையிலேயே இருந்தது:
செயப்பாட்டு வினை, பயிற்சி மூன்று.
அவர்கள் எடுத்திருந்தது வேறு.
வீட்டில் புழங்கும் சொல் ஒன்றை ஆளுக்கொருவர் வீச,
எதிரே நிற்பவர் இங்கிலீஷில் பிடிக்க வேண்டும்.

மணிமொழி 'எக்கல்' என்றாள்.
அபினேஷ், 'ஸேண்ட்.'
"அது மணல்டா. தண்ணி வடிஞ்சதும்
மேல படியுமே, அது."
அகராதியைப் புரட்டியவள் சப்ரின்.
'சில்ட்' கிடைத்தபோது யாரும் கைதட்டவில்லை.
எழுதிக்கொண்டார்கள்.

நிக்சன், ஆறு மாதமாக
என் வகுப்பில் வாய் திறக்காதவன்,
'ஷி கோ' என்ற அபினேஷை மறித்து
"கோஸ்டா! எஸ்ஸ எங்க விட்ட, வெண்ணாத்துலயா?" என்றான்.
அதே எஸ்ஸை
அவன் நோட்டிலேயே சிவப்பு மையில்
எத்தனை தடவை வட்டமிட்டிருப்பேன்.

யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள்.
வகுப்பு பாதி எழுந்து பாதியில் நின்றது.
மணிமொழிதான் கேட்டாள்:
"டீச்சர், சேடைக்கு இங்கிலீஷ்ல என்ன?"

எனக்கு வேலூர்ப் பக்கம்.
சேடை தமிழிலேயே தெரியாது.
சொன்னேன்.

ஒரு நொடி அமைதி. அப்புறம்
முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில்:
தண்ணி கட்டணும், உழணும், நடவுக்கு முன்னாடி டீச்சர்,
இல்லடா, சேறு வேற, சேடை வேற,
ஒருவன் பெஞ்சுக்கடியில் மிதித்தே காட்டினான்,
பசை மாதிரி, இட்லி மாவு மாதிரி,
போடா, மாவாம்.

சப்ரின் கையை உயர்த்தினாள்.
"வரிசை இருக்கு. வாய்க்கால்ல முறை வெக்கிற மாதிரிதான்.
கடைசி பெஞ்ச்ல உக்காருங்க டீச்சர்,
உங்களுக்கு முன்னாடி ஆறு பேர்."

உட்கார்ந்தேன். பக்கத்தில் நிக்சன்.
நோட்டின் ஓரத்தில் பென்சிலால்
'சேடை' என்றெழுதி, ஒரு கோடு போட்டு,
எதிரே இடம் விட்டு
என் பக்கம் தள்ளினான்.

மணி அடித்தபோது
முறை ஐந்தாவது ஆளிடம் நின்றிருந்தது.
வாசலில் டஸ்டரோடு கணக்கு சார்.

"ஒரு நிமிஷம் சார்"
என்று கேட்டது நானில்லை.