வேலிக்கடியில் வேலி

அங்கே ஒரு எரிமலை இருக்கிறதென்று
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
மாமனார் வாங்கிவைத்த வரைபடத்தில்
அந்த இடம் வெறும் வெள்ளை.
பத்து கிலோமீட்டர் அகலத்துக்குப் பனி,
பானைமேல் கவிழ்த்த தட்டுப்போலத் தட்டையாக.
கூம்பு இல்லை, புகை இல்லை.
யார் சந்தேகப்படுவார்?

நீறு பூத்த நெருப்பை எனக்குத் தெரியும்.
இரவில் அடுப்பை அப்படித்தான் மூடுவேன்.
பனி பூத்த நெருப்பைத் தெரிந்துகொண்டது
தொண்ணூற்றொன்றில், ஆகஸ்டில், நடுக்குளிரில்.

முதலில் வெள்ளம்.
உவெமூலெஸ் பள்ளத்தாக்கில்
வீட்டளவு பனிக்கட்டிகள் சேற்றோடு உருண்டு
கடலைப் பார்க்கப் போயினவாம்.
அது மலையின் அந்தப் பக்கம்.
எங்களுக்கு அழுகிய முட்டை வாடை மட்டும்.

பிறகு காற்று திரும்பியது.

மூன்று நாள் பகல் இல்லை.
கோழிகள் பரணைவிட்டு இறங்கவில்லை.
எலியாசர் கூரையேறிச் சாம்பலை வழித்துத் தள்ள
நான் கீழே விளக்கைப் பிடித்து நின்றேன்.
"பனியென்றால் உருகித் தொலையும்" என்றான்.
அதற்குமேல் அன்று அவன் பேசவில்லை.

ஆடுகள்.
கம்பளிக்குள் சாம்பல் இறங்கி
அதன்மேல் மழையும் பெய்ததில்
சிமெண்ட் மூட்டைகளாக நின்றன,
பிறகு உட்கார்ந்தன,
எழவில்லை.
மூன்று ஆட்டுக்கு ஒருமுறை
கத்தரிக்கோல் மழுங்கியது.

பிழைத்தவற்றைக் கீழ்ப்பள்ளத்தாக்குக்கு ஓட்டினோம்.
அங்கே புல் இருந்தது;
புல்லோடு பொடிக் கண்ணாடியும் இருந்தது.
வசந்தத்தில் உதட்டை விலக்கிப் பார்த்தேன்.
இரண்டு வயது ஆட்டின் வாயில்
பத்து வயதுப் பல்.
வியாபாரி சிரித்தான், நான் ஏமாற்றுகிறேனாம்.

எலியாசர் இப்போது கோய்ஹைக்கேயில் லாரி ஓட்டுகிறான்.
கிறிஸ்துமஸுக்குக் காசு அனுப்புவான்.

ரொமினா என்று ஒருத்தி வந்தாள்,
சல்லடையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு.
இபான்யெஸ் ஆறு அறுத்த கரையில்
மூக்கு உரசும்படி நின்று எண்ணினாள்:
வெளிறிய கோடு, கறுத்த மட்கு, நுரைக்கல்,
கீழே பச்சை படர்ந்த ஒரு பட்டை.
அது ஏழாயிரத்துச் சொச்சம் வருஷமாம்.
அன்றைக்கு யாருடைய ஆடு, என்று கேட்டேன்.
ஆடே கிடையாது, குவானாக்கோதான், என்றாள்.
அதற்கும் பல் உண்டே.

"உங்கள் சாம்பல் எவ்வளவு கனம் விழுந்தது?"
உங்கள் சாம்பல் என்றாள்!
"வேலியில் இரண்டாம் கம்பிவரை.
மிச்சத்தைக் காற்றும் ஆறும் கொண்டுவந்தன."
கம்பிகளைச் சென்டிமீட்டராக்கிக்
குறித்துக்கொண்டாள்.

போன வாரம் புதுக் கம்பம் நடக்
குழி தோண்டினேன்.
மேற்கே மேகம் விலகியிருந்தது,
அந்த வெள்ளை தெரிந்தது,
ஒன்றும் நடக்காததுபோல.
முழங்கையாழத்தில் கடப்பாரை ணங்கென்றது.
பழைய கம்பத்தின் தலை.
லெங்கா மரம், உளுக்கவில்லை.
எலியாசர் அடித்த ஆணி அப்படியே,
கம்பியைப் பிடித்தபடி.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு
ஒரு முழம் தள்ளி
வேறு குழி எடுத்தேன்.