இடம் மாறிய சொல்

பதினேழாம் நகலிலும்
அதே சொல்லில் வந்து
ஹெட்விக்கின் விரல் நின்றது.
மட்டும்.

மேசைக்கு இந்தப் பக்கம் லுத்தரன் பேராசிரியர்கள்
விசுவாசத்தால் மட்டும் என்றார்கள்.
அந்தப் பக்கம் உரோமையர்
செயலாலும் என்றார்கள்,
உம்மையில் அழுத்தம் கொடுத்து.
நடுவே ஆறிப்போன காப்பி,
நானூற்றுச் சொச்சம் ஆண்டு.

தமிழில் என்றால் இது ஓர் எழுத்து வழக்கு.
விசுவாசத்தாலே:
அந்த ஏகாரம் தேற்றமா, பிரிநிலையா?
பிரிநிலை என்று கொண்டவர்கள்
முப்பது ஆண்டு
ஒருவர் வயலை ஒருவர் எரித்தார்கள்.

ஹெட்விக்குக்கு இலக்கணம் தெரியாது.
அப்பா லுத்தரன், அம்மா கத்தோலிக்கர்.
பீடத்தருகே விடாமல்
சாமியார் உடுப்பு மாற்றும் அறையில்
காலை ஏழு மணிக்கு, ஆர்கன் இல்லாமல்
முடித்துவைத்த கல்யாணம்.
ஞாயிறுதோறும் நீரூற்றுவரை சேர்ந்து நடந்து
அங்கே கைவிட்டுப் பிரிந்த நான்கு பேர்.
பெரிய வெள்ளியன்று
அப்பா கறுப்பு உடுத்திப் போகையில்
அம்மாவின் தெரு கம்பளம் தட்டியது.
நற்கருணைப் பவனி வரும் நேரம் பார்த்து
அப்பாவின் உறவுகள் வண்டியில் சாணம் ஏற்றினார்கள்.
இப்போது இரண்டு கல்லறைத் தோட்டம்,
இடையே நான்காம் எண் பேருந்து.

கோப்பைகளை எடுத்துப் போன பிறகு ஒரு மாலை
காது மந்தமான டீட்மார் க்ளாஸன்
தூக்கத்திலிருந்து பேசுவதுபோலச் சொன்னார்:
அதை நீக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளி வைப்போம்.
விசுவாசத்தின் பக்கத்திலிருந்து அருளின் பக்கத்துக்கு.
அருளால் மட்டும்.
எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.
பிறகு வரியை அவரே முடித்தார்:
எங்கள் தகுதியால் அல்ல.

(கிருபை என்பார் ஒரு சாரார், அருள் என்பார் மறு சாரார்.
நம் அகராதியின் நடுவிலும்
ஒரு நீரூற்று உண்டு.)

அக்டோபர் கடைசி நாள்
இரண்டு கோபுரத்திலும் மணி அடித்தது,
சற்றே முன்பின்னாக.
ஹெட்விக் விழாவுக்குப் போகவில்லை.
அம்மாவுக்கு ஒரு தொட்டிச் செடி வைத்துவிட்டு
இன்னொன்றை அணைத்தபடி வந்தாள்.
நீரூற்றருகே தம்பி, நரைத்து.
கையெழுத்துப் போட்டாயிற்றா?
ஆயிற்று.
அப்படியானால் அடுத்த ஞாயிறு
ஒரே அப்பமா?
அதற்கு வேறு மேசை, என்றாள்.
இன்னும் காப்பிகூட வைக்கவில்லை.

நான்காம் எண் வந்தது.
தொட்டியை அவன் வாங்கிக்கொண்டான்.