மூன்றாவது

பொரளைச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான்
நடுங்கும் என் எண்பத்தெட்டாம் ஆண்டுப் பஜேரோ.
பின்னால் வரும் பஸ்
கண்ணாடிக்குள் இரண்டாகும்.

பஞ்சிகாவத்தையில் மவுண்ட் இரண்டு வாங்கி மாற்றினேன்.
அப்போதும் கியர்க் கம்பு
காய்ச்சல்காரன் கை.

மக்கீன் பாஸ்
ஸ்குரூட்ரைவர் பிடியைக் காதில் வைத்தார்.
"ரேடியோவ நிப்பாட்டுங்க."
என் ரேடியோ செத்து ஆறு வருஷம்.
பாடியது பக்கத்து சலூன்.

பிறகு பதினேழாம் நம்பர் சாவி.
முதல் குழாயின் நட்டைத் தளர்த்த
டீசல் சீறியது, எஞ்சின் தடுமாறியது.
இறுக்கினார்.
இரண்டாவதிலும் அப்படியே.
மூன்றாவதைத் தளர்த்தினார்.
ஒரு மாற்றமும் இல்லை.

"இவர்தான்.
இருந்தாலும் ஒண்டு, இல்லாட்டியும் ஒண்டு."

நாலாவதைத் தொடவேயில்லை.

பின் சீட்டில்
நான் கழற்றிப்போட்ட பழைய மவுண்டுகள்,
ஒரு குற்றமும் செய்யாமல்.