உதிர்ந்த கொம்பு

இவாலோவைத் தாண்டிவிட்டால் டிசம்பரில்
பகல் என்பது கொஞ்ச நேர நீலம்.
மீதிக்கு என் லாரியின் விளக்குதான்.

பின்னால் நாற்பது டன் பைன் மரம்.
முன்னால் கண்ணாடி,
இருப்பதே தெரியாமல் இருப்பது அதன் வேலை.
போன மார்ச்சில் கல் தெறித்த இடம் மட்டும்
எதிரே வண்டி வந்தால் விழித்துக்கொண்டு
கால் முளைத்த நட்சத்திரமாகிறது.

பனி அப்படியில்லை, ஊதாரி.
கொடுத்ததைத் திசையெல்லாம் இறைக்கும்.
பொழியும்போது பெரிய விளக்கைப் போட்டுப் பார்,
வெள்ளைச் சுவரில் முட்டிக்கொள்வாய்.
தாழ்த்தினால்தான் பாதை.

தார்ச்சாலை விழுங்கும். நனைந்தால் இன்னும் விழுங்கும்.
அதற்கும் மேல் துருவமான்:
விலாவில் பட்ட வெளிச்சம்
கிணற்றில் போட்ட கல்.

போன குளிர்காலம் யொவ்னாவுக்கு இருபத்தொன்பது போயிற்று.
அதில் ஒன்று என் கணக்கு.
படிவத்தில் நான் கையெழுத்திட்டபோது
அவன் திட்டவில்லை, காபி கொடுத்தான்.
அதுதான் இன்னும் தொண்டையில் இருக்கிறது.

இந்த முறை மந்தையைப் பட்டியில் அடைத்த அன்று
கண்ணாடித் தூள் கலந்த சாயத்தைக்
கொம்பு கொம்பாக அடித்தான்.
பகலில் பார்த்தால் சுண்ணாம்பு.
இரவில் அதற்கொரு பிடிவாதம்:
எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும்.
பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு பொட்டு கிடையாது.

“ஹில்க்கா, எப்படி இருக்கிறது என் மந்தை?”
அதன் நடுவிலேயே நின்றுகொண்டு
போனில் கேட்பான்.
ஒரு குட்டிக்காடு எரிந்துகொண்டே நடக்கிறது என்பேன்.
சிரிப்பான். அவன் அதைப் பார்த்ததேயில்லை.

நேற்று இரவு, வளைவில், ஒரே ஒரு கிளை.
அசையவில்லை.
பிரேக்கை மிதித்தேன்.
நாற்பது டன்னும் என் முதுகுக்கு வந்து நின்றது.

இறங்கிப் போனால் மான் இல்லை.
கொம்பு மட்டும்.
கிடாக்கள் இந்த மாதம் உதிர்த்துவிடும்.
அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்,
சாயம் வாங்கிய உற்சாகத்தில்
இருவருமே மறந்துவிட்டோம்.

கிட்டே போனதும் அது அணைந்திருந்தது.
பதில் சொல்வது விளக்குக்கு, எனக்கில்லை.

தலையில் ஒன்றுமில்லாமல் உடையவன் அருகில்தான் எங்கோ.
டார்ச்சை வீசினேன்.
மரம். பனி. மரம்.
திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தினேன்,
பிறகு விளக்கையும்.

காது பழக அரை நிமிடம்.
க்ளிக். க்ளிக்.
நடக்கும்போது கணுக்கால் நரம்பு எலும்பில் தடுக்கும் சத்தம்.
இடப்பக்கம்,
பத்தடிகூட இருக்காது.