வேண்டாம் என்றுதான் சொல்வேன்

நாலாம் பாகம் வரப்போகிறதாம்.
சந்தூர் ஃபேக்டரியில், இரவு ஷிப்டில்,
பெங்களூரா மாங்கூழ் டின்களுக்கு மூடி இறங்கும் இடத்தில்
லோடு ஏற்ற வந்த பையன் சொன்னான்.
கையெல்லாம் பிசுபிசுப்பு. போனைத் தொட முடியவில்லை.

யோர்னா போதுமான தூரம் நடந்துவிட்டாள்.
மூன்று பாகம். எனக்கு நூற்றுப் பதினாறு மணி நேரம்.
பனி, தொங்குபாலம், பாதி எரிந்த படகு,
முதல் பாகத்தில் கூடவே வந்துவிட்ட ஒற்றைக்கண் நாய்.
பை முழுக்க அடுத்தவர்கள் தபால்.
கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, அவள் பெயருக்கு.
கலங்கரை விளக்கின் உச்சிப்படியில் ஆட்டம் நம்மைக் கேட்கும்:
சதுரம் அழுத்தினால் பிரிப்பாள்,
வட்டம் அழுத்தினால் எரிப்பாள்.

நான் எரித்தேன்.
முனிகிருஷ்ணன் பிரித்தான்.

பிரித்தவனுக்கும் எழுத்தைக் காட்டவில்லை அவர்கள்.
படிக்கிற முகத்தை மட்டும் காட்டினார்கள்.
பிறகு கடல். பிறகு பெயர்ப் பட்டியல்.

அதற்கே கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
ராயக்கோட்டை வண்டி கிளம்பும்வரை கத்திக்கொண்டோம்.
"ஊர்க் கடிதாசியெல்லாம் சுமந்தவ தன்னோடதை எரிப்பாளா?
பயந்தாங்கொள்ளிடா நீ."
"எல்லாத்தையும் இறக்கி வெச்சவ
இதை மட்டும் எதுக்குடா சுமக்கணும்?"
கண்டக்டர் விசில் ஊதினார்.
அப்புறம் அவன் ஓசூர் போனான், வார்ப்பட வேலைக்கு.
பேச்சு குறைந்தது. சண்டையால் இல்லை,
ஷிப்ட் ஒத்துவராததால்.
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நாலாம் பாகம் வந்தால்
ஏதோ ஒரு தேசத்தில், ஏசி அறையில்,
எழுதுகிறவர்கள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்:
கடிதமா, சாம்பலா.
இருவரில் ஒருவன் ஆடியது ஆடாததாகிவிடும்.
இன்றுவரை ஒரே டிஸ்கில்
இரண்டு பேரும் சரி.

சில ராத்திரி அந்தக் கடைசிக் காட்சியைப் போட்டுவிட்டு
சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.
காற்றில் அவள் கோட்டு அசையும்.
எந்தப் பட்டனும் வேலை செய்யாது.
எந்தப் பட்டனும் வேலை செய்யாததில் ஒரு நிம்மதி.

எங்கள் பக்கம் மா ஒரு வருசம் காய்க்கும்,
மறு வருசம் சும்மா நிற்கும்.
சும்மா நிற்பதைப் பொறுக்காதவர்கள்
அடியில் குழி பறித்துக் கல்டார் ஊற்றுவார்கள்.
காய்க்கும், வருசா வருசம்.
சின்னப்பையன் தோப்பில் போய்ப் பாருங்கள்,
துளிர் நீளாமல் கொத்துக்கொத்தாய் நெருங்கி,
மூச்சுவிட இடமில்லாத மாதிரி நிற்கிறது.
அந்தக் காயையும் சேர்த்துத்தான் டின்னில் அடைக்கிறேன்.
உண்மையைச் சொன்னால்
ருசியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தங்கை வெங்கடலட்சுமி கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை.
ஓடுகிற ஆங்கில வரிகளை
பாதி தமிழில், பாதி வீட்டுத் தெலுங்கில்
அவள்தான் சொல்லிக்கொண்டே வருவாள்.
காவேரிப்பட்டணத்திலிருந்து போன் செய்தாள்.
"நாய் இருக்குதா அதுல?"
"தெரியாது."
"செத்துப்போவும்னா எடுக்க வேணாம்னு சொல்லிடு."
என்னைக் கேட்டுத்தான் எடுக்கப்போகிறார்கள் என்பது போல.

காலை ஆறு. கை கழுவி,
எடைமேடை ஓரமாக நின்று டிரெய்லரைப் போட்டேன்.
புகை. ரயில். யாரோ ஒரு சிறுமி.
கடைசியில் யோர்னா ஒரு கதவைத் தட்டுகிறாள்.
நிறுத்தி, விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.
எரித்தவள் என்றால் கட்டைவிரலில் தழும்பு இருக்கணும்.
என் முடிவில் தீ அங்கேதான் தொட்டது.

கையுறை.
கையுறை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், படுபாவிகள்.

ஏழு மணிக்கு ஒரு படம் வந்தது,
ஒரு வருசத்துக்கு அப்புறம், முனிகிருஷ்ணனிடமிருந்து.
அதே நொடி. அதே கதவு.
கையுறையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.
ஒரு வார்த்தை இல்லை.

விலை, ஐயாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு.
சீசன் முடிய இருபது நாள் இருக்கிறது.
யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.
ஓவர்டைம் நோட்டில்
பெயர் எழுதிவிட்டு வந்தேன்.