மூன்று வோல்ட்

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக்கில் இந்த மாதம் கார்களும்
வயர் செருகித்தான் உறங்குகின்றன,
வாசலில் வரிசையாக,
ஆஸ்பத்திரி வார்டு போல.

உள்ளே சமையலறை மேசையில்
சட்டை கழற்றிய கேம்பாய்.
எந்தத் திருப்புளிக்கும் மசியாத திருகாணிகள் ஆறு
ஒரு சோடா மூடிக்குள்.
கசிந்துபோன கெப்பாசிட்டரின் வாடை.
“மீன் பொரிச்சனியோ?” என்று
எட்டிப் பார்க்கிறான் பிரணவன்.
இல்லை. முப்பது வருஷமாகப் பொரிகிற மீன் இது.

இந்த ஊர்க் குளிருக்குள் ஈரம் கிடையாது.
கம்பளத்தில் நடந்து கதவைத் தொட்டால் பொறி.
எனக்கே தெரியாமல் விரல்நுனியில் தூக்கித் திரியும்
அந்தக் குட்டி மின்னல் போதும்
ஒரு சிப்பைக் கொல்ல.
ஆகவே கேத்தில் கொதிக்கிறது, தேத்தண்ணிக்கு அல்ல.
காலில் சொக்ஸ் இல்லை.
ஒவ்வொரு முறையும் தண்ணீர்க் குழாயைத் தொட்டுக்கொள்கிறேன்,
சாமி படத்தைத் தொடுவதுபோல.
கண்ணில் ஒற்றுவது மட்டும்தான் பாக்கி.

புதுத் திரை பதினெட்டு நாள் பயணித்து வந்தது.
கூட்டின் உள்விளிம்பைச் செதுக்கினால்தான் அமரும்.
ரிப்பன் வயரை மடித்தால் முறியும்,
மடிக்காவிட்டால் மூடாது.
அடியில் போன் சார்ஜருக்கு ஒரு வாய் திறக்க
அரத்தால் ராவி ராவி
மேசை முழுக்கச் சாம்பல் நிறப் பனி.
ஈயம் வைத்த முதல் இடத்திலேயே
பலகையின் செம்புப் பொட்டு உரிந்துகொண்டு வந்தது.
தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பி எடுத்து
ஒட்டுப்போட்டேன்.
பஸ் டிப்போவில், காசுப்பெட்டிகள் திருத்தும் மேசையில்,
ரொடெலுக்குப் படம் காட்டினேன்.
“அசிங்கம் உள்ளேதானே,” என்றான். “மூடிவிடு.”

இதெல்லாம் சுகமான வேலை.

செல்கர்க் அவென்யூவில்
வீடு காலிசெய்தவர்கள் விற்ற சப்பாத்துப் பெட்டி,
எட்டு டொலர்.
அதற்குள் இருந்த கார்ட்ரிட்ஜில்
நாணயம்போல ஒரு பற்றரி
இன்னும் இரண்டு புள்ளி ஆறு வோல்ட்டில்
யாரோ பாதியில் நிறுத்திய ஆட்டத்தை
விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.
கழற்றினால் அந்த நொடியே போய்விடும்.
கழற்றாவிட்டால், ஏதோ ஒரு நொடியில்.

பழைய திரையில் பாதிக் கோடுகள் செத்திருந்தன.
ஏழு மணி நாற்பத்தொரு நிமிடம் என்பது தெரிந்தது.
பெயர் இருந்த இடம் செத்த பக்கத்தில்.

“அழிச்சுப்போட்டு முதலில இருந்து
நீயே விளையாடன்,” என்கிறான் பிரணவன்.
நியாயம்.
அவனிடம் எப்போதும் நியாயம் இருக்கும்.

பழையதற்குப் பக்கத்தில் புதியது ஒன்று,
இரண்டு கம்பி,
ப்ளஸ் ப்ளஸோடு, மைனஸ் மைனஸோடு.
முந்நூற்றைம்பது பாகையில் சூட்டுக்கோல்.
ஈயம் ஒருகணம் கண்விழித்துப் பளபளத்து
பழைய பற்றரியின் காலை விட்டது.
இப்போது எவரோ ஒருவரின் ஏழு மணி நாற்பத்தொரு நிமிடம்
என் இடது பெருவிரல் அழுத்துகிற
இரண்டு கம்பி நுனியில்.

மூக்கு அரித்தது.
போன் அதிர்ந்தது: கடுங்குளிர் எச்சரிக்கை.
வெளியே யாரோ காரை முடுக்க
அது இருமி, இருமி,
பிடித்துக்கொண்டது.

ஆறு திருகாணி. ஒன்று உருண்டு அடுப்படிக்குள் போனது.
ஐந்து போதும்.

பொத்தானை அழுத்தினேன்.
புதுத் திரை மேசைக்கெல்லாம் வெளிச்சம் போட்டது.
பெயர் இருந்தது, முழுசாக:
ஏஏஏஏஏஏஏ.

பெயர் கேட்ட இடத்தில்
ஏழு தடவை அதே எழுத்தைத் தட்டிவிட்டு
விளையாட ஓடியிருக்கிறது அந்த உயிர்.
பிரணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.
எனக்கோ தெருவின் அந்தக் கரையிலிருந்து
ஏ, ஏ, என்று யாரோ கைதட்டிக் கூப்பிடுவதாகக் கேட்டது.

நிறுத்திய இடம் ஒரு குகை வாசல்.
கையில் விளக்கு இல்லை.
ஊருக்குத் திரும்ப நடத்திப்போய்,
இருந்த காசில் விளக்கு வாங்கி,
அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்திச்
சேமித்தேன்.

எட்டு மணி இரண்டு நிமிடம் என்கிறது இப்போது.
பெயரை மாற்ற வழியில்லை.