ஒரு வாட்

சில்வர் ஓக் பலகை ஏற்காட்டிலிருந்து இறங்கியது,
ஓரத்தில் மிளகுக்கொடி கவ்விய தழும்போடு.
அறுத்து ஒட்டியதில்
வாய் இரண்டடி, தொண்டை ஓர் அங்குலம்.

தொண்டையில்தான் தகராறு.
செவ்வாய்ப்பேட்டை ஜக்கரியா தந்த டிரைவருக்கு
ஒன்றரை அங்குலம்.
“காந்தம் மட்டும் நாலு கிலோ சார்!”
காந்தத்தையா கேட்கப்போகிறேன்?

மாற்றி வாங்கியவை சின்னவை,
ஏதோ கட்சி மேடையில் கத்திப் பிழைத்தவை.
பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன்.
டிக்.
மற்றதும் அதே டிக்.

கேட்கத்தான் வழியில்லை.
அம்மாப்பேட்டையில், சுவருக்கு அந்தப்பக்கம்
பதினாறு தறி.
கரண்ட் போனால் தறி நிற்கும்,
என் ஆம்ப்ளிஃபயரும் நிற்கும்.

நேற்று ஒன்பதரைக்கு கட்.
மைதிலி இருட்டில் படியிறங்கிப் போய்
ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி வந்தாள்.
“பன்னிரண்டு வோல்ட்டுதானே? ஒரு வாட் போதும்னியே.”

முதலில் வந்தது பாட்டில்லை,
பாடுகிறவள் மூச்சிழுத்தது.
தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள்.
இடப்பக்க ஹார்னில் ஒரு திருகு கிறுகிறுத்தது.
எழப்போனேன்.
“அது கிடக்கட்டும்” என்றாள்.

பாட்டு முடிவதற்குள்
கரண்ட் வந்துவிடுமோ என்று
இந்த வீட்டில் முதல்முறையாகப் பயந்தேன்.